முதுகில் விழாத கை

மூக்கு நுனியில்தான் முதலில் ஆரம்பித்தது. ஒற்றை மயிர் ஊர்வதைப் போல, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு நமைச்சல். ஆவுடைச்செல்வி மூச்சை மூக்கு வழியாக உதறிப் பார்த்தாள், போகவில்லை. மேலுதட்டை மடக்கி மூக்கை மேலே தள்ளிப் பார்த்தாள், அது நகர்ந்து கண்ணுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. சொறியலாம் என்றால் இரண்டு கையிலும் மருதாணி. விரல் நுனிகளில் பச்சைத் தொப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பொட்டுகள். சங்கரன்கோவில் ஊரே கோன் வாங்கிக் கொடியும் மயிலுமாக வரைந்துகொள்ளும்போது சித்தி மட்டும் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் கிராம்பும் சேர்த்து அரைத்துத்தான் வைப்பாள். கோனில் வருவதெல்லாம் அவளுக்குப் பெயிண்டு. வைத்து முடித்ததும், "காயும் முன்னால எந்திரிச்சன்னா பாத்துக்கோ. கை கலைஞ்சா திரும்ப அரைக்க இலை கெடையாது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் போகிறவள் வருகிறவளோடெல்லாம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள் என்று, போகும்போதே ஸ்டூலைத் திருப்பியும் போட்டுவிட்டாள். அதனால் முதுகு தெருவுக்கும் முகம் டி.வி.க்குமாக ஆவுடை உட்கார்ந்திருக்கிறாள். டி.வி. ஓடவில்லை. அதன் கறுப்புக் கண்ணாடிக்குள் வாசல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. பக்கத்துத் தட்டில் சைலண்டில் போட்ட அவள் போன், அதுவும் கறுப்பாக, வாயை மூடிக்கொண்டு. நாளைக்குப் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம், அதற்குத்தான் இந்த மருதாணி. ஆனால் அவள் மனசு கல்யாண வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஜெபக்கனி போனில் சொன்னதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. "கட்டாயமில்ல ஆவுட. டாக்டர் சரின்னுட்டாவன்னு ஒங்கம்மையும் சொன்னாவ. ஆனா கோ-கோ டீமுக்கு இன்னைக்குச் சாயங்காலம் பேர் கொடுக்கணும்லா. ஒன் பேரா, வேணி பேரா. அதை மட்டும் சொல்லிரு." அதை மட்டும். என்னவோ டீயா காப்பியா என்கிற மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பு நடக்கிறது, இந்த வருஷம் விட்டால் டீமின் அந்த மஞ்சள் பனியன் இந்த ஜென்மத்தில் கிடையாது என்பது டீச்சருக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் குரலை அவ்வளவு மெத்தென்று வைத்துக்கொண்டார்கள், பூனைக்குட்டியைக் கூப்பிடுகிற குரல், அந்தக் குரல்தான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் டீச்சர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஏட்டி எருமை" என்பார்கள். எருமை என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை காலையிலேயே சரி என்று சொல்லியிருப்பாளோ என்னவோ.

பார்க்கிறவர்களுக்குக் கோ-கோ என்றால் ஓட்டம். ஆவுடைக்கு அது உட்காருவது. எட்டுப் பேர் வரிசையாகக் குத்தவைத்து உட்கார வேண்டும், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். எதிராளி வரிசைக்குள் எங்கே வேண்டுமானாலும் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடலாம். விரட்டுகிறவள் புகக் கூடாது, வந்த வழியே திரும்பவும் கூடாது. எதிராளி அந்தப் பக்கம் போய்விட்டாளா, தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி "கோ" என்று சொல்ல வேண்டும். தட்டு வாங்கியவள் எழுந்து ஓடுவாள், தட்டியவள் அவள் இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். கை விழுந்து, கோ காதில் விழுந்த பிறகுதான் எழ வேண்டும், அதற்கு முன் எழுந்தால் ஃபவுல். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்த உட்காருதல் இருக்கிறதே. கால்விரல்கள் மண்ணைக் கவ்வியிருக்கும், குதிகால் தூக்கியிருக்கும், கை இரண்டும் முன்னால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், உள்ளங்கையில் ஒரு பொடிக்கல் குத்தும், அதை எடுத்துப் போட நேரம் இருக்காது. செம்மண் வாசனையும் பக்கத்தில் இருக்கிறவளின் வேர்வை வாசனையும். கண்ணுக்கு முன்னால் எதிராளியின் கால்கள் மட்டும் வந்து வந்து போகும். முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. தெரியாதா? தெரியும். முதுகு முழுக்கக் காதாக இருக்கும் அப்போது. வருகிறவள் யார் என்று காலடியிலேயே சொல்லிவிடலாம். வேணி வந்தால் தரை அதிரும். இசக்கிப்ரியா வந்தால் வலது கால் பட்டும் படாமலும், இடது கால் அழுத்தியும், ஒரு நொண்டிப் பாட்டு மாதிரி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ், ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டம். இசக்கியின் கை முதுகில் விழும் முன்பே, அந்தக் கையின் சூடு வந்து விழுந்துவிடும். எழுந்துவிடலாம் போல இருக்கும். எழுந்தும் இருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. நடுவர் கண்ணுக்கு எட்டாத அந்த ஒரு பொடி நேரத்தை முன்னால் திருடித்தான் அவள் எல்லோரையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி டீச்சருக்கு அது தெரியும். "ஒருநாள் மாட்டுவ" என்பார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

மாட்டியது போன வருஷம், பக்கத்து ஊர் மைதானத்தில். நமைச்சல் இப்போது காதுமடலுக்குப் போய்விட்டது. தோளைத் தூக்கிக் காதைத் தேய்த்துக்கொண்டாள், கை ஆடிவிட்டது, வலது சுண்டு விரல் தொப்பி லேசாகச் சாய்ந்தது, நிமிரட்டும் என்று விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டாள். அன்றைக்கும் இப்படித்தான் விரல்கள் விறைத்து நின்றன, ஆனால் மண்ணில். எதிராளி, வெள்ளிக் கொலுசு போட்டிருந்த ஒல்லிப் பெண், கொலுசோடு எப்படி விட்டார்களோ, இசக்கி விரட்டிக்கொண்டு வந்த பக்கத்திலிருந்து வரிசைக்குள் ஒரு காலை வைத்தாள். கொலுசு ஆவுடையின் கண்ணுக்கு முன்னால் மின்னியது. பின்னால் இசக்கியின் காலடி, பட்டும் படாமலும், அழுத்தி, பட்டும் படாமலும், அழுத்தி. சூடு முதுகில் விழுந்தது. ஆவுடை எழுந்தாள். கை விழவில்லை. அந்த ஒல்லிப் பெண் வைத்த காலை எடுத்துக்கொண்டு பழைய பக்கமே போய்விட்டாள், அது வெறும் போக்குக் காட்டல், அதைப் பார்த்த இசக்கி கோ கொடுக்காமல் கடந்து ஓடிவிட்டாள். சரியாகத்தான் செய்தாள் இசக்கி, கொடுத்திருந்தால் எதிராளி தப்பியிருப்பாள். அது சரி. ஆனால் கொடுத்திருந்தால் இந்த முட்டி? கொடுத்திருக்கலாமே. ஒரே ஒரு கோ. ஆட்டம் போயிருக்கும், அவ்வளவுதானே. இந்த இடத்துக்கு வந்தால் ஆவுடையின் நினைப்பு எப்போதும் முள்ளில் மாட்டிய துணியாக நின்றுவிடும். இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். இசக்கி மேல் கோபமா என்று கேட்டால் இல்லை என்பாள், சத்தியம்கூடச் செய்வாள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நான் குடுத்திருக்கணும்ட்டி" என்று இசக்கி அழுதபோது, "சும்மா கெட கோட்டி, எந்திரிச்சது நான்" என்று சொல்லத் தெரிந்த வாய், கொஞ்சம் தாமதித்துத்தான் அதைச் சொன்னது. அந்தத் தாமதம் இசக்கிக்கும் தெரிந்திருக்கும். காலடியைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் போகுமா?

ஊரில் எல்லோரும் சொல்வது, அவசரப்பட்டு எழுந்ததால் ஜவ்வு அறுந்தது என்று. அம்மை சொல்வாள், வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அதையே சொன்னாள், ஆப்பிளை வாங்கி வைத்துக்கொண்டே. ஆனால் அது அப்படி இல்லை. ஆவுடை அந்த நேரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள், எத்தனை மத்தியானங்கள் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி. எழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. எழுந்தது சரியாகத்தான், அம்பு மாதிரி. கை விழவில்லை என்று தெரிந்ததும், ஐயோ ஃபவுல், நடுவர் பார்க்கும் முன் உட்கார்ந்துவிடுவோம் என்று பாதியிலேயே உடம்பைக் கீழே இழுத்தாளே, அப்போதுதான். மேலே போகிற உடம்பும் கீழே இழுக்கிற மனசும், நடுவில் மண்ணில் புதைந்த பாதம். டப் என்றது. பச்சை முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். முதலில் வலியே இல்லை, சத்தம்தான், யாருடைய சத்தம் இது என்று சுற்றிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் விசில். அவள் விழுந்து கிடக்கும்போது நடுவர் ஃபவுல் என்று கையைக் காட்டினார். சட்டப்படி சரிதான். ஆனாலும் அந்தக் கை.

தெருவில் யாரோ போனார்கள். டி.வி. கண்ணாடியில் வெள்ளைக் கட்டத்தை ஒரு நிழல் வெட்டிக்கொண்டு போனது. ஆவுடையின் கண் அதையே பின்தொடர்ந்தது. இந்த மத்தியானம் முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், கண்ணாடிக்குள் முதுகைக் காவல் காப்பது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்ததும் இதுதான். இசக்கி கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். "மூதி, ஒன்னைய ஒரு டெஸ்ட் வைக்கப் போறேன். உக்காரு" என்றாள். துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே ஆவுடை உட்கார்ந்தாள், பைய, சுவரைப் பிடித்துக்கொண்டு. முட்டி மடங்கிக்கொடுத்தது. இசக்கி மாடியின் அந்தக் கோடிக்குப் போய் ஓடி வந்தாள். பட்டும் படாமலும், அழுத்தி. அதே பாட்டு. முதுகு விறைத்தது. கை விழுந்தது, "கோ" என்றாள் இசக்கி. ஆவுடை எழவில்லை. திரும்பிப் பார்த்தாள். கழுத்து தானாகத் திரும்பியது, சொல்லாமல் கொள்ளாமல். "என்னட்டி பாக்க, நாந்தான்" என்றாள் இசக்கி. இன்னொரு தடவை. மறுபடியும் கழுத்து திரும்பிய பிறகுதான் கால் எழுந்தது. இன்னொரு தடவை. இசக்கி பொட்டலத்தைப் பிரித்து முறுக்கை நீட்டினாள். இரண்டு பேரும் கடித்துத் தின்றார்கள், கடக் முடக் என்று. கீழே இறங்கும்போது, "ஒரு வாரம் போனா சரியாயிரும்" என்று இசக்கி சொன்னாள், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு. பின்னால் வருகிற கையைத் திரும்பிப் பார்க்கிறவளை வைத்துக்கொண்டு கோ-கோ ஆட முடியாது, ஆறாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது.

அப்படியானால் வேணி பேர் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி. ஆவுடை அந்த நிம்மதியை ஒரு தடவை உடுத்திப் பார்த்தாள், கடையில் சுடிதாரை உடம்பில் வைத்துப் பார்க்கிற மாதிரி. காலையில் இருட்டோடு எழ வேண்டாம். முட்டி வீங்குமோ என்று ராத்திரி தடவிப் பார்க்க வேண்டாம். தலைமுடி வளர்ந்திருக்கிறது, விளையாடுகிற காலத்தில் காது வரைக்கும் வெட்டியிருந்தது இப்போது தோளைத் தாண்டிவிட்டது, நாளைக்குப் பூ வைக்கலாம். படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு ரகசியம் அவளுக்குத் தெரிந்துபோனது, யாரிடமும் சொன்னதில்லை. அது நன்றாக இருந்தது. வலி போன பிறகு வந்த அந்த நாட்கள். அம்மை தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுவாள், சோற்றைப் பிசைந்து தருவாள், தம்பிக்கு இல்லாத மாதுளை அவளுக்கு மட்டும். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழி நடப்பதைப் பார்த்தபடியே ஒரு பகல் முழுக்கப் போகும். ஒன்றையும் விரட்ட வேண்டாம். அப்படியானால் நான் சோம்பேறியா, முட்டியைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேனா? இல்லை, உண்மையிலேயே எனக்கு அலுத்துவிட்டதா? இல்லை, அலுத்துவிட்டது என்று சொல்வதும் பயத்தின் வேலைதானா? இதை எப்படிப் பிரிப்பது? அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி என்றால் பொறுக்கிவிடலாம், இதில் அரிசியும் அரிசி நிறம், கல்லும் அரிசி நிறம்.

அம்மையைக் கேட்கலாம் என்றால் அம்மை, "ஒன் இஷ்டம்" என்கிறாள். இதைவிட "போகாதே" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஆவுடை உடனே பேர் கொடுத்திருப்பாள், அது வேறு கதை. ஒன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அம்மை கொல்லைப்பக்கம் போகிறாள், அங்கே அந்த ஓட்டை நாற்காலி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வந்தபோது, கக்கூசில் குத்தவைக்க முடியாது என்று அப்பா வாங்கி வந்தது, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தூக்கிப் போட இன்னும் மனசு வரவில்லை அம்மைக்கு. கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து துணி துவைக்கிறாள். "தூரப் போடும்மா" என்றால், "கெடக்கட்டும், எனக்கும் முட்டி வலிக்கி" என்கிறாள். அது பொய். அம்மைக்கு முட்டி வலி கிடையாது, பொங்கலுக்கு வாசல் நிறைய கோலத்தை ஒரே மூச்சில் குனிந்து போட்டவள். அந்த நாற்காலி அங்கே காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன் இஷ்டம் என்று சொல்கிற வாயும் அம்மையுடையதுதான், நாற்காலியைக் கழுவி வைக்கிற கையும் அம்மையுடையதுதான்.

அப்பாவின் சமாதானம் இன்னும் மோசம். அப்பாவுக்கு விசைத்தறி. இரண்டு தெரு தள்ளித் தறிகள் ஓடுகிற சத்தம் இந்த வீட்டுக்கும் வருகிறது, இப்போதும் கேட்கிறது, கடக்கு கடக்கு கடக்கு, ஊரே ஒரு பெரிய பல்லால் எதையோ மென்றுகொண்டிருப்பது போல. தொடையிலிருந்து ஒரு நரம்பை உருவி முட்டிக்குள் கட்டியிருக்கிறோம் என்று டாக்டர் விளக்கியபோது, மற்றவர்களெல்லாம் முழிக்க, அப்பா மட்டும் தலையை ஆட்டினார். "அறுந்த இழைய முடிஞ்சிருக்காங்க. அதுக்கென்ன." வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தைரியம் சொன்னார். "பயப்படாத தாயி. முடிச்சுப் போட்ட எடத்துல திரும்ப அறவே அறாது." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தொழில்காரர் அல்லவா, உண்மையைப் பாதியில் நிறுத்த வரவில்லை. "அறுந்தா அதுக்குப் பக்கத்துலதான் அறும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போய்க் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஆவுடை தைத்த முட்டியைவிட மற்ற முட்டியைத்தான் அதிகம் தடவிப் பார்க்கிறாள். நல்ல கால், பாவம், ஒரு குற்றமும் செய்யாத கால். டாக்டர் இதற்கெல்லாம் மேலே. கடைசியாகப் போனபோது காலை மடக்கி, நீட்டி, ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "விளையாடலாம்மா. விளையாடணுமாங்கிறத நான் சொல்ல முடியாது" என்றார். ஆளாளுக்கு அவள் மடியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மடியோ நிறைந்துவிட்டது, கையிலோ மருதாணி.

நமைச்சல் திரும்பி மூக்குக்கே வந்துவிட்டது. இதற்குமேல் முடியாது. "சித்தி" என்றாள். அவள் குரல் எப்போதும் மெல்லியது, தறிச் சத்தத்தில் கரைந்துபோனது. "சித்தீ."

"என்னட்டி, காஞ்சிட்டா?" சித்தி அடுக்களை வாசலில் வந்து நின்றாள், கையில் பாதி உரித்த வெங்காயம்.

"மூக்கு அரிக்கி. சொறிஞ்சு விடு."

"மகாராணி. இன்னும் என்னென்ன சொறியணும்?" சொல்லிக்கொண்டே வந்து ஒற்றை விரலால் மூக்கைத் தேய்த்துவிட்டாள். வெங்காயச் சாறு பட்டுக் கண்ணில் நீர் முட்டியது. "என்ன அழுத?"

"அழல. ஒன் வெங்காயம்."

"ஆமா, எல்லாவளும் அப்படித்தான் சொல்லுவா." சித்தி அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள், முந்தானையிலும் வெங்காயம். "ஒங்கம்மை சொன்னா, திரும்ப அந்தப் பந்தாட்டத்துக்குக் கூப்புடுதாவளாமே."

"பந்து கெடையாது சித்தி."

"பந்து இல்லாம பெறகு என்னத்தப் புடிக்க ஓடுதிய?"

"ஆளப் புடிக்க."

"புடிச்சு?"

"புடிச்சா அவுட்."

சித்தி வெங்காயத்தில் இன்னொரு தோலை உரித்தாள். "இதுக்காவாட்டி கால ஒடச்சுக்கிட்டுக் கெடந்த?" பிறகு குரல் இறங்கியது. "நீ படுத்துக் கெடந்தப்ப ஒங்கம்மை பாதியாப் போயிட்டா, தெரியுமா. நீதான் நல்லாத் தின்னு தடிச்ச." சொல்லிவிட்டு அவள் கன்னத்தைப் புறங்கையால் ஒரு இடி இடித்தாள், அதில் பாசமும் இருந்தது. "கண்ண மூடிக்கிட்டு இரு. எரிச்சல் தானா போவும். கைய ஆட்டாத."

கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் டி.வி. கண்ணாடி போய்விட்டது, வாசல் போய்விட்டது. முதலில் முதுகு கூசியது, சட்டை இல்லாமல் நிற்கிற மாதிரி. திறந்து ஒரு தடவை பார்த்துக்கொள்வோமா என்றால் எரிச்சல் விடவில்லை, இமைக்குள் நீர் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மை பாதியாகப் போய்விட்டாள். உண்மைதான், அந்த மாதங்களில் அம்மையின் ஜாக்கெட் கையெல்லாம் தொளதொளவென்று. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாதுளையும் தின்றாள். போதும், வேணி பேர். முடிவாயிற்று. கை காய்ந்ததும் டீச்சருக்குப் போன் போட்டு, வேணியையே போட்டுக்குங்க டீச்சர், எனக்குப் படிக்க இருக்கு. படிக்க இருக்கு, நல்ல வார்த்தை, யாரும் மறுத்துப் பேச முடியாத வார்த்தை. வேணி வந்தால் தரை அதிரும். அவள் உட்காரப் போகிற கட்டம் ஆவுடையின் ஆறாவது கட்டம். அங்கே ஒரு பொடிக்கல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், எத்தனை தடவை தோண்டி எடுத்தாலும் மழை பெய்ததும் இன்னொன்று வந்துவிடும், இடது உள்ளங்கையில் சரியாகக் கட்டைவிரலுக்குக் கீழே குத்தும். வேணிக்கும் குத்துமா, இல்லை, அவள் கையை வேறு எங்கேயாவது ஊன்றுவாளோ? வேணி காலை அகட்டி உட்காருவாள். அது தப்பென்று யாரும் சொல்லித் தரவில்லையா அவளுக்கு, எழும்போது இடுப்பு பின்னால் போகும், ஒரு அடி வீணாகும், குதிகாலைத் தூக்கி, பாரத்தை விரலுக்குக் கொண்டுவந்து, நெஞ்சை முட்டியோடு ஒட்டி, இப்படி. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஆவுடையின் குதிகால்கள் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பின. அவளுக்கு அது தெரியவில்லை. கடக்கு கடக்கு என்று தறி. எங்கேயோ குக்கர் விசில். ஐஸ்காரனின் மணி. மண் வாசனை இல்லை, மருதாணி வாசனைதான், ஆனால் அதற்குள்ளும் ஏதோ ஈரப் பச்சை, காலையில் மைதானத்து ஓரம் புல்லிலிருந்து வருகிற பச்சை. ஓடியதெல்லாம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை, எத்தனை பேரைப் பிடித்தாள் என்றும் ஞாபகம் இல்லை. இந்த உட்காருதல்தான், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து, ஆனால் பார்க்காமல், பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், உடம்பு முழுக்கச் சுருண்டு, பட்டும் படாமலும், அழுத்தி, பட்டும் படாமலும்.

எழுந்துவிட்டாள்.

ஸ்டூல் பின்னால் உருண்ட சத்தம் கேட்டபோது அவள் டி.வி.க்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தாள், மூச்சு வாங்க, இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி. கை விழவில்லை, கோ வரவில்லை. ஃபவுல் என்று உடம்பு அறிந்தது, அன்றைக்கு அறிந்த அதே மாதிரி. உட்கார்ந்துவிடு என்று ஏதோ ஒன்று கீழே இழுத்தது. ஆவுடை உட்காரவில்லை. முட்டிக்குள் ஒரு நூல் இழுபட்டு நின்றது. அறவில்லை.

"நான் இன்னும் தொடவே இல்லட்டி" என்றது பின்னால் ஒரு குரல். திரும்பினாள். மைதானத்துக்குப் போகிற வழியில் மஞ்சள் பனியனும் பாவாடைக்குப் பதில் அரைக்கால் சட்டையுமாக இசக்கி, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கை காற்றில் நீட்டியபடி. பூனை மாதிரி வந்து பயங்காட்ட நினைத்தவள், தானே பயந்துபோய் நின்றாள். "கொழுப்பா ஒனக்கு? தொடும் முன்ன எந்திரிக்க. ஃபவுல்." சொல்லச் சொல்லவே அவள் முகம் மாறியது. இரண்டு பேர் மனசும் போன வருஷத்து அதே மைதானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. "முட்டி?" என்றாள், வேறு குரலில்.

"இருக்கு" என்றாள் ஆவுடை.

"டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாவ. போன எடுக்க மாட்டக்கன்னு."

"மருதாணி."

"தெரியுது. நான் என்ன சொல்ல?"

ஆவுடை வாயைத் திறந்தாள். வேணி பேர் நாக்கில் தயாராக இருந்தது, படிக்க இருக்கு என்பதும் அதன் பின்னால் வரிசையில் நின்றது. தன் பேர் எங்கே என்று தேடினாள். அது வாயில் இல்லை. நேரம் போனது. கொஞ்சம் தாமதம்தான், ஆஸ்பத்திரியில் நின்றதே அதே அளவு தாமதம். இசக்கிக்கு அது கேட்டுவிட்டது. "சரி விடு. ஒன்னும் சொல்லாண்டாம், நானே பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைக்கக் குனிந்தாள். மஞ்சள் பனியன் முதுகில் விறைத்து நின்றது.

ஆவுடை யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மருதாணியை யோசித்தாள், சித்தியை யோசித்தாள், கொல்லைப்பக்கத்து நாற்காலியையும்தான். அத்தனையும் வந்து நின்றன, ஒன்றும் விலகவில்லை. வாயில் கிடைக்காத தன் பேரை எழுதுகிற மாதிரி வலது கையை விரித்து அந்த முதுகில் வைத்தாள், தட்டவில்லை, நன்றாக அழுத்தியே வைத்தாள். "கோ" என்றாள், அவள் எப்போதும் பேசுகிற குரலில்.

இசக்கி நிமிர்ந்தாள். பிறகு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். கோ வாங்கியவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. படியைத் தாண்டித் தெருவில் குதித்து, ஐஸ் வண்டியைச் சுற்றி, மைதானத்துப் பக்கம் வெறுங்காலோடு போனாள், முதுகு நடுவில் விரல் விரலாக ஒரு பச்சைக் கை.

"ஏட்டி, என்ன சத்தம்?" சித்தி வந்தாள். உருண்டு கிடந்த ஸ்டூலைப் பார்த்தாள், வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், கடைசியாக ஆவுடையின் வலது கையைப் பார்த்தாள். பச்சை எல்லாம் போய் உள்ளங்கை வெளிறிய ஆரஞ்சாக இருந்தது. "நாசமாப் போச்சு. ஒரு கை செவப்பு, ஒரு கை வெளுப்புன்னு கல்யாண வீட்டுல நில்லு. எவ கேட்டாலும் நான் வச்சதுன்னு சொல்லிராத." அடுக்களைக்குள் போய் மிக்ஸி ஜாரைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. விழுது கொஞ்சம் மிஞ்சித்தான் இருந்திருக்கிறது. கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். "உக்காரு."

ஆவுடை ஸ்டூலைப் பார்த்தாள். அதை நிமிர்த்தவில்லை. இசக்கி நின்ற இடத்துக்குப் போய், வாசலுக்கு முதுகு காட்டி, டி.வி. பக்கம் பார்க்காமல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, கையால் எதையும் பிடிக்க முடியாமல், குத்தவைத்து உட்கார்ந்தாள். முட்டி முனகியது. பக்கத்து முட்டியும் முனகியது. குதிகால்கள் தரைக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

"தரையிலயா? எந்திரிக்க முடியுமா ஒனக்கு?" என்றாள் சித்தி.

"எந்திரிப்பேன்" என்று கையை நீட்டினாள் ஆவுடை. பின்னால் தெருவில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தது, கொஞ்சம் நின்றது போலவும் இருந்தது. கழுத்து திரும்பப்போவது போல அசைந்தது. பிறகு திரும்பாமல் இருந்தது.